அரை டேங்க்கில் நின்ற முள்

கீழநடுவச்சேரியில் முருகையன் டீக்கடைப் பக்கம் வந்தால், இராஜாங்கம் தன் பைக்கின் பெட்ரோல் டேங்க் மூடியை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். கோபமெல்லாம் இல்லை. ஈ ஓட்டுகிற மாதிரி, பேசிக்கொண்டிருந்த பேச்சைக்கூட நிறுத்தாமல் பொத்துவார். பொத்திய பிறகு, "வா முருகையா, டீ சாப்புடு" என்று உபசாரமும் உண்டு. மரியாதையில் குறை வைக்காத ஊர். திருடனுக்கும் நுரை குறையாத டீதான்.

முருகையன் டீசல் திருடியவன் என்பது ஊர் முடிவு. யாரிடம் திருடினான்? கூடப்பிறந்த தம்பியிடம். அதனால் என்ன ஆயிற்று? தம்பி செத்தான். ஊருக்கு முழுக்கதையும் இவ்வளவுக்குள் அடங்கிவிட்டது. முருகையனுக்குத்தான் மூன்று வருஷமாக அடங்கவில்லை.

அண்ணனுக்குச் சாமி பேர், தம்பிக்குத் தமிழ்ப் பேர். இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் ஊருக்குள் ஒரு பகுத்தறிவுப் படிப்பகம் வந்துவிட்டதுதான் காரணம். அப்பா பண்ணையில் மரக்கால் பிடித்து நெல் அளந்தவர். ஆயுசு முழுக்க அடுத்தவர் பத்தாயத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பானையைச் சுரண்டியவர். முருகையன் அய்யனாருக்குக் கற்பூரம் கொளுத்தினான். தம்பி தமிழ்மாறன் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, அதே கற்பூரத்தில் பீடி பற்றவைத்தான். ராத்திரி இருவரும் ஒரே சட்டியில் மீன்குழம்பு சாப்பிட்டார்கள். கொள்கை முரண்பாடு குழம்புவரை வந்ததில்லை.

பண்ணை வீட்டில் பத்தாயத்தை ஒருநாளும் முழுக்க வழிக்க மாட்டார்கள். அடியில் ஒரு கைப்பிடி நெல்லை விட்டு வைப்பார்கள். சுத்தமாகத் துடைத்தால் திரும்ப நிறையாது என்று பயம். கூலிக்காரர் வீட்டு அரிசிப் பானைக்கும் அதே சட்டம்தான். தமிழ்மாறன் இதை மேடைக்கு மேடை கிழிப்பான். "பத்தாயம் வச்சிருக்கிறவன் அடியில ஒரு கைப்பிடி விடுறான். நமக்குப் பத்தாயமே இல்ல. நாம எதுல விடுறது? கோவணத்துலயா?" கூட்டம் கைதட்டும். முருகையனும் தட்டுவான். தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பானையில் கைப்பிடி அரிசி இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்வான்.

அப்புறம் தமிழ்மாறன் பிக்கப் வாங்கினான். இரண்டு கை மாறி வந்த பழைய வண்டிதான். ஆனாலும் அந்த வம்சத்தில் முதல் நாலு சக்கரம். ஊரே வந்து தொட்டுப் பார்த்தது. அந்த வருஷ ஆயுத பூசைக்குத் தெருவில் இருந்த வண்டிக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. சைக்கிளுக்குக்கூட ஒரு பொட்டு. தம்பி வண்டி மட்டும் மொட்டையாக நின்றது.

"ஒரே ஒரு எலுமிச்சம்பழம்டா" என்று கெஞ்சினான் முருகையன்.

"சாறு புழிஞ்சு குடு, குடிக்கிறேன். டயர் குடிக்காது."

அன்று முருகையன் களத்தில் குறுவை அறுத்து, நெல் அம்பாரமாகக் கிடந்தது. ஊரில் யாரும் போடாத பூங்கார் நெல். உமியை உரித்தால் அரிசி சிவப்பாக இருக்கும். அதற்காக ஊர் சிரித்துக்கொண்டிருந்த நெல். தமிழ்மாறன் களத்துக்கு வந்து, அம்பாரத்தில் ஒரு கை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை முருகையன் பார்த்தான்.

"என்னடா, எலிப்பொறிக்கா?"

"சும்மாண்ணே" என்று சொல்லிவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

ஐப்பசி மழை அந்த வருஷம் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. நட்ட சம்பாப் பயிர் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது. வயலில் நின்ற தண்ணீரை வாய்க்காலுக்கு இறைத்துவிட, முருகையன் தம்பியின் வண்டியை வாங்கி எண்ணெய் எஞ்சினை ஏற்றிப் போனான். மத்தியானம் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, தம்பி பெண்டாட்டி செம்மொழியிடம் சாவியைக் கொடுத்தான்.

"டீசல் இருக்கா மாமா? அவரு சாயங்காலம் நெல்லு ஏத்திக்கிட்டுக் கொள்முதலுக்குப் போகணுமாம்."

"அரை டேங்க் இருக்கும்மா. முள்ளப் பாத்துட்டுத்தான் வர்றேன்."

இதுதான் அவன் சொன்னது. அந்தி மயங்குகிற நேரத்தில், ஊரார் நெல்லை ஏற்றிக்கொண்டு போன வண்டி பாமணியாற்றங்கரையில் மதகுக்குப் பக்கத்தில் நின்றுபோயிற்று. டீசல் இல்லை. மேலே மழை, வண்டியில் நனையக்கூடாத மூட்டைகள். தமிழ்மாறன் கேனை எடுத்துக்கொண்டு, சுற்றிப் போக நேரமில்லாமல் வரப்பு வழியாகக் குறுக்கே இறங்கினான். காற்றில் அறுந்த மின்கம்பி ஒன்று தண்ணீருக்குள் கிடந்தது.

காலையில் தூக்கி வந்தபோது கேன் கையை விட்டு வரவில்லை என்றார்கள்.

பிணத்தை எடுத்த மூன்றாம் நாளே ஊர் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. மத்தியானம் அரை டேங்க். சாயங்காலம் காலி. நடுவில் வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. அண்ணன் வயலில் மட்டும் எஞ்சின் விடிய விடிய ஓடியது. "அவன் எஞ்சின் என்ன, மழைத்தண்ணிய ஊத்தியா ஓடிச்சு?" என்றார் இராஜாங்கம். முருகையன் டீசலைக் காசு கொடுத்துத்தான் வாங்கினான். பங்க் சீட்டை அன்றைய மழை கரைத்துவிட்டது. சீட்டு இருந்திருந்தாலும் ஊர் வேறு கேள்வி கேட்டிருக்கும்.

செம்மொழி ஒன்றும் கேட்கவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள். எதிரே வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். வண்டியின் மேல் தார்ப்பாயைப் போட்டுக் கயிறு கட்டினாள். வண்டி கொட்டகையில் கிடந்தது.

திருடாதவனுக்குத் தான் திருடவில்லை என்பது தெரியும். அது ஒரு பலம். முருகையனுக்கு அந்தப் பலம்கூட நாளாக நாளாகக் கரைந்துகொண்டே வந்தது. அவனும்தான் அரை டேங்க்கைக் கண்ணால் பார்த்தான். அப்படியென்றால் டீசல் எங்கே போனது? யாரோ எடுத்திருக்க வேண்டும். வண்டிப் பக்கம் அன்றைக்குப் போன ஒரே ஆள் அவன்தான். விடியற்காலையில் விழிப்பு வரும்போது உள்ளங்கையை மோந்து பார்ப்பான். டீசல் வாடை இருக்கிற மாதிரியே இருக்கும். எடுத்திருப்பேனோ?

இந்த ஆவணியில்தான் செம்மொழி வண்டியை விற்றுவிடுவதென்று முடிவெடுத்தாள். பட்டுக்கோட்டையிலிருந்து தேங்காய் வியாபாரி காதர் மைதீன் பார்க்க வந்தார். வரும்போதே பேட்டரியோடு வந்தவர். தார்ப்பாயை விலக்கி, பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினார். தூங்குகிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி முள் மெல்ல எழுந்து, அரையில் வந்து நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த முருகையன் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டான்.

காதர் மைதீன் முள்ளை நம்பித் தேங்காய் வியாபாரம் செய்தவரில்லை. ஒரு மூங்கில் குச்சியை டேங்க்குக்குள் விட்டு எடுத்தார். குச்சியின் நுனி மட்டும் நனைந்திருந்தது.

"ஏம்மா, உள்ள ஒண்ணுமில்ல, முள்ளு அரைன்னு நிக்குது. பேட்டரி வண்டியிலயே கெடக்கட்டும், இத மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுங்க. பாதி வழியில நம்மள நிறுத்திப்புடும்."

பாதி வழியில் என்ற வார்த்தை அங்கேயே கிடந்தது. செம்மொழி முதல் தடவையாக வேலிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். இன்று பொய் சொல்கிற முள், அன்றும் பொய் சொல்லியிருக்குமோ? ஒரே கேள்வி இரண்டு பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் வந்தது.

டீக்கடையில் அதற்கும் பதில் தயாராக இருந்தது. "மூணு வருசம் தார்ப்பாயிக்குள்ள கெடந்த வண்டி. துருப் புடிச்சிருக்கும்" என்றார் இராஜாங்கம், டேங்க் மூடியைப் பொத்தியபடியே. "இன்னிக்கு முள்ளு பொய் சொன்னா, அன்னிக்கும் சொல்லுச்சுன்னு அர்த்தமா? அன்னிக்கு அது யோக்கியமான முள்ளு."

ஆக, முருகையனின் மானம் ஒரு முள்ளிடம் போய் நின்றது. முள் எப்போதிலிருந்து பொய் சொல்கிறது? அன்றைக்கு முன்னாலிருந்தா, பின்னாலிருந்தா? முன்னால் என்றால் அவன் மனிதன். பின்னால் என்றால் திருடன். ஊரில் லோடு வண்டி ஓட்டத் தெரிந்த ஆள் அப்போதைக்கு அவன் ஒருவன்தான் என்பதால், செம்மொழி சாவியை வேலிக் கம்பின் மேல் மாட்டிவிட்டு உள்ளே போனாள். சாவி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

டீசல் ஊற்றிக்கொண்டு, பக்கத்து சீட்டில் ஒரு நிறை கேனையும் உட்கார வைத்து, முள்ளைச் சரி பண்ண முருகையன் மன்னார்குடிக்குப் புறப்பட்டான். வண்டிக்குள் இன்னும் பீடி வாடை. மதகு வந்தது. அங்கே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவும் முடியவில்லை, அழுத்தவும் முடியவில்லை. முள் அரையில் நின்று அவனையே பார்த்தது.

"எறங்கித் தொலையேண்டா" என்றான் முருகையன். முள்ளிடம்தான் சொன்னான். சொன்னபிறகுதான், தம்பியிடம் பேசுகிற குரலில் சொன்னது தெரிந்தது.

மன்னார்குடிக்கு வெளியே ஜாஃபர் சாதிக்கின் பட்டறை. ஸ்பானரைவிட அவன் வாய் வேகமாகச் சுழலும்.

"என்னண்ணே கம்ப்ளெயிண்ட்டு?"

"முள்ளு அரையிலயே நிக்குது தம்பி. ஏறவும் மாட்டேங்குது, எறங்கவும் மாட்டேங்குது."

"நம்ம சனம் மாதிரி. வயிறு காஞ்சு கெடந்தாலும் சாப்ட்டியான்னு கேட்டா ஆச்சுன்னுதான் சொல்லும்."

வண்டிக்கு அடியில் படுத்து, டேங்க்கிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றினான். முள் பொத்தென்று கீழே விழுந்தது. பிடித்துக்கொண்டிருந்த கை ஒன்று விட்டுவிட்டது போல இருந்தது முருகையனுக்கு. ஒயரின் நுனியை வண்டி இரும்பில் தொட்டான். முள் துள்ளி மேலே ஏறியது.

"மீட்டரு நல்லாருக்கு, ஒயரு நல்லாருக்கு. பொய் சொல்றது டேங்க்குக்குள்ள உக்காந்திருக்கிற ஆளு."

"ஆளா?"

"மிதவைண்ணே! டீசலு மேல மெதந்துக்கிட்டு, எவ்வளவு இருக்குன்னு மீட்டருக்குச் சொல்லும். ஏண்ணே பேயறைஞ்ச மாதிரி பாக்குறீங்க?"

"துருவாத்தான் இருக்குமா? எப்பப் புடிச்ச துருன்னு பாத்தாத் தெரியுமா தம்பி?"

"நான் மெக்கானிக்குண்ணே. ஜோசியம் பாக்கணும்னா அடுத்த தெரு."

டேங்க்கை இறக்கி, உள்ளதை வடித்தான். மேலே இருந்த வட்டத் தகட்டின் ஸ்குரூக்களைக் கழற்றித் தூக்கினான். வரவில்லை. உள்ளே எதுவோ இழுத்துப் பிடித்தது. ஜாஃபர் சாதிக் கையை உள்ளே விட்டுத் துழாவினான். அவன் முகம் மாறியது.

"துரு இல்லண்ணே. எதையோ கட்டி வச்சிருக்கு."

மிதவை வெளியே வந்தது. அதன் மெல்லிய கையைச் செப்புக் கம்பி ஒன்று இறுகச் சுற்றியிருந்தது. கம்பியின் மறு நுனியில், டீசல் சொட்டச் சொட்ட, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கறுப்புத் துணி முடிச்சு.

"மோட்டார் காயில் கம்பிண்ணே. டீசல் ஊத்துற வாயிலேருந்து உள்ள தொங்க விட்டிருக்காங்க. நழுவி விழுந்து மிதவையில சுத்திக்கிச்சு. எது, சூனியமா? வண்டிக்குமா வைக்கிறாங்க இப்பல்லாம்?"

முடிச்சின் ஓரத்தை அவன் விரலால் பிரித்தான். நெல். முருகையன் ஒரு மணியை எடுத்து நகத்தால் உமியை உரித்தான். டீசலில் மூன்று வருஷம் ஊறியும் அரிசி சிவப்பாகவே இருந்தது.

கறுப்புச் சட்டைப் பையும் 'சும்மாண்ணே'யும் பார்க்காத முகமும் ஒன்றாக வந்து நெஞ்சில் முட்டின. எலுமிச்சம்பழம் வேண்டாம் என்று ஊர் பார்க்கச் சொன்னவன், ஊர் பார்க்காதபோது, தன் டேங்க்கின் அடியில் ஒரு கைப்பிடி நெல்லை விட்டு வைத்திருக்கிறான். ஒருநாளும் காலியாகாமல் இருக்க. நமக்குப் பத்தாயமே இல்லை என்றவனுக்கு, வந்து வாய்த்த பத்தாயம் இந்த டேங்க்தான். மேடையில் கேட்ட கேள்விக்குத் தானே பதிலும் தேடிக்கொண்டான். அந்தப் பதில் முள்ளைப் பிடித்து அரையில் நிறுத்தியது. முள் அண்ணனிடம் பொய் சொன்னது. அண்ணன் அந்தப் பொய்யை உண்மையென்று செம்மொழியிடம் சொன்னான்.

"எங்கம்மாவும் அரிசி ட்ரம்ம வழிக்க விடாதுண்ணே" என்றான் ஜாஃபர் சாதிக். "ஆனா டீசல் டேங்க்குல கைப்பிடி போட்ட மகராசன இன்னிக்குத்தான் பாக்குறேன். இருங்க, ஒரு போட்டோ எடுத்துக்குறேன். எங்க மெக்கானிக் குரூப்புல போட்டா சிரிச்சே செத்துருவானுங்க."

"வேணாம் தம்பி. இதப் போட்ட ஆளு இப்ப உசிரோட இல்ல."

ஜாஃபர் சாதிக் போனைப் பைக்குள் வைத்தான். டேங்க்கைத் திரும்ப மாட்ட ஆரம்பித்தான்.

முடிச்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முருகையன் திரும்பினான். கொஞ்சமாகத்தான் டீசல் ஊற்றியிருந்தான். முள் அடியோரத்தில், உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டு கிடந்தது. உண்மை சொல்கிற முள்ளைப் பார்த்தபோதுதான் அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது. வண்டிக்குள் யாரும் இல்லை. பீடி வாடைகூடப் போய்விட்ட மாதிரி இருந்தது.

மானம் பையில் இருந்தது. டீக்கடைப் பெஞ்சில் வைத்துப் பிரித்தால் போதும். இராஜாங்கத்தின் கை டேங்க் மூடியிலிருந்து தானாக இறங்கிவிடும். ஆனால் அடுத்த வாரம் படிப்பகத்துக்குத் தமிழ்மாறன் பெயரைச் சூட்டப் போகிறார்கள். 'பகுத்தறிவுச் சுடர்' என்று பலகை எழுதி ஈரம் காய்ந்துவிட்டது. முடிச்சைப் பிரித்தால் ஊர் என்ன சொல்லும் என்பதை முருகையன் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டான், இராஜாங்கத்தின் குரலிலேயே: 'பாத்தியா, ஊருக்குத்தான் உபதேசம். கடைசியில நெல்ல முடிஞ்சு போட்டவன்தான்!' தம்பி ஒருமுறைதான் செத்தான். இது தினம் டீ குடிக்கிற நேரத்தில் நடக்கும்.

மதகில் வண்டியை நிறுத்தி இறங்கினான். ஆற்றில் தண்ணீர் கரை ததும்பப் போய்க்கொண்டிருந்தது. முடிச்சை எடுத்து, கையை ஓங்கினான். ஓங்கிய கையில் டீசல் வாடை வந்தது. போட மனம் வரவில்லை. திரும்பப் பையில் வைத்துக்கொண்டான்.

செம்மொழி வாசலில் நின்றாள். தலைக்கு மேல் வெயிலில் வெளுத்த பிளக்ஸில் தமிழ்மாறன் கையை உயர்த்தி நின்றான். முருகையன் சாவியை நீட்டினான்.

"சரியாயிடுச்சு. மிதவை சிக்கியிருந்துச்சாம்."

அவள் சாவியை வாங்கவில்லை. அவன் சட்டையைப் பார்த்தாள். பையிலிருந்து டீசல் வழிந்து, இடதுபக்கம் முழுக்கக் கறையாகி, வேட்டி மடிப்புவரை இறங்கியிருந்தது. மூன்று வருஷமாக அவன் மேல் ஊர் பார்த்த கறை, இன்றைக்குத்தான் நிஜமாகவே வந்து உட்கார்ந்திருந்தது.

"இப்பவுமா மாமா?"

மூன்று வருஷத்தில் முதல் பேச்சு அதுதான். முருகையன் சாவியை நீட்டியபடியே இருந்தான். முடிச்சைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று நின்றான். ஆனால் பையின் விளிம்பில் கறுப்புத் துணியின் முனை ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. செம்மொழி ஒரு எட்டு முன்னால் வந்து, அதை உருவினாள்.

பிரித்தாள். நெல்லைப் பார்த்தாள். துணியைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சட்டையோடு வந்தாள். தமிழ்மாறன் கடைசியாகப் போட்டிருந்தது, பெரியாஸ்பத்திரியில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்த கறுப்புச் சட்டை. பின்பக்கத்து அடியில் ஒரு துண்டு இல்லை. வேலிக் கம்பியில் மாட்டிக் கிழிந்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். துண்டை அங்கே வைத்தாள். பொருந்தியது.

செம்மொழி முதலில் சிரித்தாள். "திருட்டுப் பய மவன்" என்றாள் பிளக்ஸைப் பார்த்து. அப்புறம்தான் அவள் வாய் கோணியது. "ஒரு எலுமிச்சம்பழம் வைக்க உட்டியாடா என்னிய? ராத்திரியெல்லாம் என்ன பேச்சு பேசுன..." என்று அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நெல் சிதறியது. முருகையன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான்.

"உங்கள என்னென்னமோ நெனச்சுட்டேன் மாமா."

"நானே நெனச்சேன்மா. உடு."

"ஊர்ல சொல்லணுமில்ல?"

கேட்டுவிட்டு அவள் பிளக்ஸைப் பார்த்தாள். அந்தப் பார்வை வேறு எதையோ கேட்டது. வாய் கேட்டதற்கு முருகையன் பதில் சொல்லவில்லை. கண் கேட்டதற்குத்தான் சொன்னான்.

"துருன்னு சொல்லிக்குவோம். ஊரும் அப்படித்தானே சொல்லுது. அதுங்க சொன்னது ஒண்ணாவது உண்மையா இருந்துட்டுப் போவட்டும்."

"அப்ப உங்க பேரு?"

"எனக்கு என்னம்மா பலகையா எழுதப் போறாங்க?"

அவள் சாவியை அவன் கையிலேயே திரும்ப வைத்து அழுத்தினாள். "காதர் மைதீன் பாய்க்குப் போன் போட்டுச் சொல்லிடுறேன். விக்கல. நீங்களே ஓட்டுங்க. உக்காருங்க, சோறு போடுறேன்."

படிப்பகத்தின் பெயர்சூட்டு விழா நன்றாக நடந்தது. தமிழ்மாறனின் நெஞ்சுரம் பற்றி நாலு பேர் பேசினார்கள். முருகையன் கடைசி வரிசையில் நின்று கைதட்டினான்.

இப்போது வண்டியை அவன்தான் ஓட்டுகிறான். முள் சுத்தமாக வேலை செய்கிறது. ஊற்றினால் ஏறும், ஓடினால் இறங்கும். ஆனால் அது அரையை விட்டுக் கீழே இறங்குவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இறங்க ஆரம்பித்ததுமே பக்கத்து சீட்டுக் கேனை எடுத்து, சொந்தக் காசு டீசலை ஊற்றி, முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறான். நிறுத்திய பிறகுதான் வண்டிக்குள் பீடி வாடை வருகிறது. அப்புறம்தான் அவன் மதகைத் தாண்டுகிறான்.

டீக்கடையிலிருந்து பார்த்தால் அவன் கேனைத் தூக்கி ஊற்றுவது நன்றாகத் தெரியும். இராஜாங்கம் ஒரு கையால் டேங்க் மூடியைப் பொத்திக்கொண்டு, மறு கையால் டீயை ஆற்றியபடி சொல்வார்:

"என்ன இருந்தாலும் மனசாட்சி உள்ளவன்யா. எடுத்தத இன்னிவரைக்கும் திருப்பி ஊத்திக்கிட்டிருக்கான் பாரு."